பாலாற்றில் வெள்ளமா, வதந்தியா? ஓரிக்கைக்கு யார் சொல்வது?

மழை வலுத்தால் ஓரிக்கை நெசவாளர்களின் நெஞ்சு "திக் திக்" என்று அடிக்கிறது. குழித்தறியில் தண்ணீர் புகுந்தால் பட்டு நாசம். பல நாள் பாடுபட்ட கூலியும் போச்சு!

"பாலாத்துல வெள்ளம் வருதாமே, நிஜமா?" என்று கேட்டால் டீக்கடையில் ஒரு பதில். செல்போனில் வேறொரு பதில்.

சிரிப்பு அடங்கியது

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்காடு. "இதுல ஏதுப்பா வெள்ளம்?" என்று சிரித்தவர்கள் உண்டு. 2021 நவம்பரில் அந்தச் சிரிப்பு அடங்கியது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது.

இங்கே பெய்த மழை மட்டும் அதற்குக் காரணம் அல்ல. ஆந்திராவில் சித்தூர் பக்கம் கொட்டிய மழை, பொன்னையாறு வழியாகப் பாலாற்றில் சேர்ந்தது. ஆக, ஓரிக்கை வானத்தைப் பார்த்து ஓரிக்கை வெள்ளத்தைச் சொல்ல முடியாது. மேலே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிய வேண்டும்.

பொய்யும் மெய்யும்

சரியான தகவல் வராத இடத்தில் புரளி புகுந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, "250 செ.மீ. மழை கொட்டும், நாசாவே சொல்லிடுச்சு" என்று செல்போனில் பரவியது. அது சுத்தப் பொய். செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்தது மெய். பொய் பறந்தது, மெய் நடந்தது!

நம்பத் தகுந்த தகவல் நாட்டில் இல்லாமல் இல்லை. நுங்கம்பாக்கம் வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் என்றால் சிவப்பு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 இருக்கிறது.

நிலம் பாலையாவதற்கும் கணக்கு இருக்கிறது. ஆமதாபாத்தில் உள்ள இஸ்ரோ மையம் 2021-ல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, நாட்டில் சுமார் 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர் நிலம் சீர்கெட்டிருக்கிறது. மொத்தப் பரப்பில் கிட்டத்தட்ட 30 சதவீதம்! ஆனால் அது இங்கிலீஷ் புத்தகம். தறி மேடைக்கு எப்போது வந்து சேரும்?

ஒரு கரும்பலகை போதும்

ரேஷன் கடை வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். வாலாஜா அணைக்கட்டைத் தாண்டும் தண்ணீர் எவ்வளவு, இன்றைய எச்சரிக்கை என்ன நிறம், எழுதிய நேரம் எது, இந்த மூன்றும் தமிழில் இருக்கட்டும். கோடையில் அதே பலகையில் கிணற்று நீர்மட்டத்தை எழுதலாம். மணல் போன ஆற்றில் தண்ணீர் எங்கே போனது என்பதை ஊரே பார்க்கும்.

வெள்ளம் வந்த பிறகு கொடுக்கும் அரிசியை விட, வருவதற்கு முன்னால் சொல்லும் ஒரு வார்த்தை பெரிது. "ஆறு மணி நேரம் முன்னாடி சொல்லுங்க சாமி. பட்டையும் பிள்ளைங்களையும் மேட்டுல சேர்த்துடுறோம்" என்பதுதான் நெசவாளிக்கு வேண்டியது.

ஒரு சாக்பீஸ் செலவு. அதிகாரிகள் மனசு வைப்பார்களா?