களைத்த கைகளும் தெளிந்த திரையும்



சிறியதாகத் தோன்றும் ஒரு வேலையைக் குறித்து இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓரிகன் இன்லெட் என்னும் கடல்வாய் உண்டு. அங்கிருந்து அதிகாலையில் புறப்படும் மீன்பிடிப் படகுகள் வளைகுடா நீரோட்டத்தை நாடிச் செல்கின்றன. இத்தகைய படகுகள் பலவற்றில் சுக்கான் பிடிப்பவர் உயர்ந்த மேல்தட்டில் அமர்ந்திருப்பார். அவரைச் சுற்றிலும் கண்ணாடிபோல் தெளிந்த வினைல் திரைகள் ஜிப்பினால் பூட்டப்பட்டிருக்கும். காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் கடல்நீர்த் தூறலிலிருந்தும் அவரைக் காப்பவை அவையே.

இந்தத் திரை மங்கிப்போனால், "பொருள் சரியில்லை" என்று பழியை அதன்மேல் சுமத்துகிறோம். என் எண்ணம் வேறு. கடல் அதைக் கெடுப்பதைவிட, கரை சேர்ந்தபின் அதைத் துடைத்துச் சுருட்டும் நம் அவசரமே அதை அதிகமாகக் கெடுக்கிறது.

எவ்வாறு என்று பாருங்கள். திரைமேல் காய்ந்த உப்பு நுண்ணிய படிகமாகிறது. அதை உலர்ந்த துணியால் துடைப்பவர் உப்பைக்கொண்டே திரையைக் கீறுகிறார். முதலில் நன்னீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைக்க வேண்டும். பின்பே மென்மையான துணியைத் தொட வேண்டும். காகிதத் துண்டும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவு நீரும் வினைலுக்கு ஆகாதவை. வெயிலுக்குப் பூசிய களிம்போடு அதைத் தொடுவதும் கறையை உண்டாக்கும்.

நன்றாக உலர்ந்தபின் இடையே மென்துணி வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். மடிக்காதீர்கள்; மடிப்பின் கோடு நிலைத்துவிடும். குளிரில் வினைல் விறைத்து வெடிக்கக்கூடும். ஆகையால் சற்றே வெயிலில் இளகவிட்டுக் கையாளுங்கள். விறைப்பான பாலிகார்பனேட் பலகையானால் சுருட்டவே கூடாது. துணி விரித்துச் சமமாகக் கிடத்தி, மேலே பாரம் ஏற்றாமல் வைக்க வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பீர்கள். கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் சரியான காவல் காக்க வேண்டும் என்கிறது. கீறல் விழுந்த திரைமேல் காலைச் சூரியன் பட்டால் திரை முழுவதும் வெளுத்துப்போகும். எதிரே வரும் சிறு படகும், நீந்துகிற ஒருவரின் தலையும் அந்த வெளுப்பில் மறைந்துவிடலாம்.

"அப்படியானால் சுருட்டாமலே எப்போதும் மூடி வைத்துவிடலாமே" என்பார் சிலர். அதை நான் ஏற்க மாட்டேன். முன்புறம் மூடியும் பின்புறம் திறந்தும் ஓடும் படகில், இயந்திரப் புகை பின்னாலிருந்து உள்ளே இழுக்கப்படக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரைப் பறிக்க வல்லது. முன்திரையைத் திறந்து காற்றை ஓடவிடுவது உயிர் காக்கும் செயல். மூடுபனியில் பிற கலங்களின் ஒலியைக் கேட்கவும் திரை திறந்திருப்பது நல்லது.

உப்பேறி இறுகிய ஜிப்பு அவசர வேளையில் திறக்காது. ஆகவே அதன் பற்களையும் நன்னீரால் கழுவி, உலர்ந்தபின் சற்று மெழுகு தேயுங்கள்.

அன்பானவர்களே, மீனை இறக்கியாயிற்று, உடல் சோர்ந்திருக்கிறது, வீடு அழைக்கிறது. அந்த வேளையில் எவரும் நம்மைக் கவனிப்பதில்லை. ஆயினும் நாளை அதே திரை வழியாகப் பார்க்கப்போகிறவர் உங்கள் மகனாகவோ, உங்களை நம்பிப் படகேறிய அந்நியராகவோ இருக்கலாம். அவருக்காக இன்று இன்னும் சில நிமிடங்கள் படகிலேயே நில்லுங்கள். திரையைக் கழுவி, உலர்த்தி, பொறுமையாய்ச் சுருட்டி வைத்துவிட்டு வீடு திரும்புங்கள்.