உராய்வின் மேல் பழி!

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் பத்திரிகைச் செய்தியில் ஒரு வார்த்தை தவறாமல் இடம் பிடித்துக் கொள்ளும். "உராய்வு" என்பதே அந்த வார்த்தை. "மருந்தில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது" என்று எழுதுவார்கள். உராய்வைக் கைது செய்ய முடியாது. கோர்ட்டில் நிறுத்தவும் முடியாது. ஆகையால் அது எல்லாருக்கும் சௌகரியமான குற்றவாளி.

உராய்வு இல்லையேல் அடுத்த குற்றவாளி தயாராக இருக்கிறான். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்பார்கள். அந்தத் தொழிலாளி பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. மறுத்துப் பேச வரமாட்டான்.

இந்தப் பழி எவ்வளவு தூரம் நியாயம்?

விருதுநகர் ஜில்லாவில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஆயிரம் பட்டாசு ஆலைகளுக்கு மேல் இருக்கின்றன. மழையை நம்ப முடியாத கரிசல் பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் மத்தாப்பு வந்தது. மத்தாப்புக்குப் பின்னால் வெடி வந்தது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும் பங்கு இந்த மண்ணிலிருந்தே போகிறது.

சாவும் கூடவே வருகிறது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர்தான் மாறுகிறது.

மருந்தின் குணம்

பட்டாசுத் தொழிலில் "மருந்து" என்றால் வெடிக்கிற கலவை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவை முக்கியமான சரக்குகள். முன்பு பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலந்தார்கள். லேசாக இடித்தாலே சீறும் கலவை அது. 1992-ல் அதற்குத் தடை வந்தது. இப்போதைய கலவை அவ்வளவு கோபக்காரன் அல்ல. ஆனால் சாதுவும் அல்ல.

காலையில் கலந்த மருந்தை மாலைக்குள் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கலந்து கிடக்கும்போது ஈரக் காற்று பட்டால், உள்ளுக்குள்ளேயே சூடு கிளம்பும். இரவெல்லாம் அது மெள்ள மெள்ள ஏறும். காலையில் ஒருவன் வந்து கதவைத் திறந்து சட்டியைத் தொடுகிறான். வெடிக்கிறது. அவன் கை பட்டது உண்மை, உராய்வும் உண்மை. ஆனால் விபத்து முந்தின நாள் மாலையே ஆரம்பமாகிவிட்டது. மிஞ்சிய மருந்தைக் கொட்டி அழிக்க மனம் வராமல் மூடி வைத்தவர் யார்? அந்தக் கேள்வியைத்தான் "உராய்வு" என்ற வார்த்தை மறைத்து விடுகிறது.

கவசம் எது?

பட்டாசுத் தொழிலாளிக்குக் கவசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பருத்தி உடை உடுத்த வேண்டும். நைலான் ஆகாது, மின்பொறி உண்டாகும். செருப்பு வாசலிலேயே நிற்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புக் கருவி கூடாது. மரமோ பித்தளையோ வேண்டும். செல்போன் உள்ளே போகக் கூடாது. வாசலில் தண்ணீர், மணல்.

இவையெல்லாம் பொறி கிளம்பாமல் தடுக்கும். பொறி கிளம்பிய பிறகு இவற்றால் பயன் இல்லை. பேன்சி வெடிக்கான மருந்து ஒரு அறையில் வெடித்தால் சுவரே தரைமட்டம் ஆகிறது. பருத்திப் புடவை என்ன செய்யும்?

அப்படியானால் உண்மையான கவசம் எது? அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து கொஞ்சமாக இருக்க வேண்டும். அறைக்கும் அறைக்கும் தூரம் இருக்க வேண்டும். எத்தனை ஆள், எத்தனை கிலோ என்பதை அறை வாசலிலேயே பெயிண்டில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த இரண்டு எண்கள்தான் கவசம். வெடிப்பதை அவை தடுக்காது. பத்துப் பேர் சாவதைத் தடுக்கும்.

மேல்நாடுகளில் பனிமலைச் சரிவுகளில் மோட்டார் சறுக்கு வண்டி ஓட்டுவது ஒரு விளையாட்டு. பனி சரிந்து ஆளை மூடிவிடும் அபாயம் உண்டு. அதனால் இருக்குமிடத்தைக் காட்டும் வானொலிக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி ஆகியவற்றைக் கூடவே கொண்டு போகிறார்கள். ஒருவன் புதைந்தால், கால் மணி நேரத்துக்குள் கூட இருப்பவனே தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் பிழைப்பது அரிது. அந்த ஊர்களில் அனுபவஸ்தர்கள் சொல்வது ஒன்றுதான்: கருவி இருக்கிறதே என்ற தைரியத்தில் மோசமான சரிவில் ஏறாதே. பனிச்சரிவில் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் கூட்டாளியோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

அங்கே "தன் உயிருக்குத் தானே பொறுப்பு" என்பது பொருந்துகிறது. போவதும் போகாமல் இருப்பதும் அவன் இஷ்டம். அறுநூறு ரூபாய்க் கூலிக்காக அவன் மலை ஏறவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பனியில் கூட்டாளி ஓடிவந்து தோண்ட வேண்டும். பட்டாசு ஆலையில் கூட்டாளி எதிர்த் திசையில் ஓட வேண்டும். முதலிப்பட்டியில் மாண்டவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் அக்கம் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்தடுத்த வெடிகள் அவர்களைப் பலி கொண்டன. நெதர்லாந்து தேசத்தில் என்ஷெடே நகரிலும் 2000 மே மாதம் இதே கதைதான். பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். அவர்களில் நாலு பேர் தீயணைக்க வந்த வீரர்கள். ஆபத்தில் ஓடி உதவுவது நம் ஜனங்களுக்கு இரத்தத்தில் ஊறிய குணம். அதைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் ஓடக் கூடாது என்று ஆலையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எட்டுப் பேர் இருக்கிறோமே!"

மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்குப் பதில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அங்கே வேலை பார்க்கும் பெண் வாசலில் எழுதியிருப்பதைப் படித்தவள். பயிற்சிக்கும் போய் வந்தவள். "அண்ணாச்சி, எட்டுப் பேர் இருக்கிறோமே" என்று போர்மேனிடம் சொல்கிறாள். "பயமா இருந்தா வீட்டுக்குப் போம்மா" என்பார் அவர். வீட்டுக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. வாரக் கடன் தவணைக்காரர் வாசலில் நிற்பார். அவள் திரும்ப உட்கார்ந்து கொள்கிறாள். நாளை ஏதாவது நடந்தால் இது கவனக்குறைவா?

போர்மேன் மட்டும் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையை நடத்துவது குத்தகைதாரராக இருக்கும். சில இடங்களில் அறை அறையாக உள்குத்தகை. அச்சங்குளத்திலும் உள்குத்தகை விவகாரம் விசாரணையில் வெளிவந்தது. ஆறு மாதக் குத்தகைக்காரருக்குத் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அறைக்கு நாலு பேர் என்றால் அவருக்குக் கட்டாது. மர நிழலில் வைத்துக்கூட மருந்து செலுத்தச் சொல்வார்.

தொழிலாளியிடம் தப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை வேகம் கூடுகிறது. போர்மேன் வேண்டாம் என்றாலும், அடுத்த பெட்டியையும் முடித்துவிட்டுப் போகிறேன் என்று உட்காருகிறவர்கள் உண்டு. போதையோடு வருகிறவர்களும் உண்டு. ஆனால் வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது என்ன கணக்கு?

போபால் விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. கண்ணெதிரே அபாயம் தெரிந்தால் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. சொன்ன பிறகு வேலை போகாது என்ற உறுதியும், அன்றைய கூலியும் கூடவே கிடைத்தால்தானே அந்த உரிமைக்கு உயிர்?

மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் மட்டுமாவது எண்ணிக்கைக் கூலியை எடுத்துவிட்டு நாட்கூலி வைக்கலாம். போர்மேனின் சம்பளத்தை உற்பத்தியோடு முடிச்சுப் போடாமல் இருக்கலாம். மிஞ்சிய மருந்தை அழித்தால் அந்த நஷ்டம் யாருடையது என்பதைக் குத்தகை எழுதும்போதே எழுதிக் கொள்ளலாம். இப்படிச் செய்தால் பட்டாசு விலை ஏறும் என்று முதலாளிகள் சொல்வார்கள். ஏறத்தான் செய்யும். நூறு ரூபாய்க்குச் சரவெடி வாங்குகிறவர், இன்னும் ஒரு பத்து ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டி வரலாம்.