கறுப்புக் காரும் கத்திரி வெயிலும்

போன கத்திரியில் திருப்பரங்குன்றம் ரத வீதியோரம் ஒரு கறுப்புக் கார் நின்றது. புது வண்டிக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை. சாமி கும்பிட்டு வந்த குழந்தை சீட் பெல்ட் கொக்கியைத் தொட்டதும் வீறிட்டது. அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது. நிறம் அழகுக்கு மட்டுமில்லை. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் கறுப்பிலும் வெள்ளி நிறத்திலும் ஒரே மாதிரியான இரண்டு கார்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பார்த்து, 2011இல் முடிவைச் சொன்னார்கள்: வெள்ளி நிறக் காருக்குள் 5, 6 டிகிரி சூடு குறைவு, கூரையில் 25 டிகிரி வரை. 40 டிகிரியைத் தாண்டும் மதுரையில் வெள்ளைதான் என் கட்சி. நிழலென்று வேப்பமரத்தடியில் விட்டால் காக்கை எச்சம் பெயின்ட்டை அரிக்கும். காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். எந்த நிற வண்டியானாலும், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிள்ளையை உள்ளே விட்டுப் போகாதீர்கள், ஒரு நிமிடம்கூட.