பின்வீட்டுக்கு இரண்டாவது ரவுட்டர்

(இல்லத்துக்கு உபயோகமானவை)

சென்ற இதழில் இன்வர்ட்டர் பாட்டரிக்கு நீர் ஊற்றிப் பாதுகாக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம், நேயர்கள் சிலர் விரும்பிக் கேட்டதற்கிணங்க, வீட்டின் பின்புறத்தில் தனியே நிற்கும் சிறு வீட்டிற்கு இணையத்தைக் கொண்டுசெல்லும் வகையை எடுத்துக்கொள்கிறேன்.

கிழக்கிலும் வடக்கிலும் குடியேறி, பல்லாண்டு உழைத்துச் சொந்த மனை வாங்கிய நம்மவர் பலரிடம், மனையின் பின்கோடியில் ஓர் அவுட்ஹவுஸ் உண்டு. ஆதியில் சாமான் போட்டு வைப்பதற்கென்று எழுப்பிய அறை. மேலே தகரம் வேய்ந்தது. பின்னர் ஊரிலிருந்து தாயோ தந்தையோ வந்து தங்கும்போது அதுவே அவர்களுடைய வாசஸ்தலமாகிறது. முன்வீட்டில் கழித்த கட்டிலும், பழைய மின்விசிறியும் அங்கே போய்ச் சேருகின்றன. இணையத்தின் கதையும் அதுவே. முன்வீட்டு ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர்களைக் கடந்து கசிந்து வரும் மிச்சமே பின்வீட்டாரின் பங்கு.

இக்கட்டுரையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்வீட்டுக்கு மிச்சம் போதாது. அதற்கென்று ஒரு தனி இணைப்பும் ஒரு தனிக் கருவியும் வேண்டும். அவ்விணைப்பு செம்புக் கம்பியாக இராமல் கண்ணாடி இழையாக இருத்தல் மிகவும் நலம்.

முதியவர்களுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இந்தியும் வங்காளமும் தண்ணீர்பட்ட பாடு. அறுபது வயதுக்குமேல் இங்கு வந்த தாய்க்கோ தெருவில் பேச ஆள் இல்லை. ஊரிலிருக்கும் தங்கையின் முகத்தைப் பார்த்து அரைமணி நேரம் தமிழில் பேசுவதுதான் அவருக்கு அன்றைய ஆகாரம். அப்பேச்சு நடுவில் அறுந்து, முகம் உறைந்து நின்றுவிட்டால், அவர் பிறரிடம் குறை சொல்லமாட்டார், பேசுவதையே குறைத்துக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. தகரக் கூரையின்கீழ்க் கைப்பேசியின் சாதாரண அலையும் மங்கிவிடும். வைஃபை வழியாகவே தொலைபேசி அழைப்பைச் செலுத்தும் வசதி நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வந்துள்ளது. நள்ளிரவில் நெஞ்சு அடைத்தால் பின்வீட்டிலிருந்து முன்வீட்டை எழுப்ப அவ்வசதி உதவும். ஆகவே இது ஆடம்பரச் செலவன்று.

ஏன் எட்டுவதில்லை?

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் மற்றொன்று. முன்னது வேகம் குறைந்தது, ஆயினும் சுவரைச் சற்று நன்றாக ஊடுருவும்; பின்னது வேகம் மிக்கது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். தகரமும் இரும்புக் கதவும் இரண்டையுமே திருப்பி அடித்துவிடும்.

'பெரிய ஆண்டெனா உள்ள விலையுயர்ந்த ரவுட்டரை முன்வீட்டில் வைத்தால் போதாதோ?' என்று சிலர் நினைப்பர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இணையம் ஒருவழிப் பேச்சன்று. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கூவினாலும், கைப்பேசி தன் சன்னக் குரலால் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் குரல் ரவுட்டரின் காதில் விழவேண்டும். கைப்பேசித் திரையில் கோடுகள் நிறைய இருந்தும் பேச்சு அறுந்துபோவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கடைக்காரர் முதலில் நீட்டும் பொருள் ரிப்பீட்டர். விலை குறைவு, கம்பி வேண்டாம். எனினும் அது கேட்டதையே திருப்பிச் சொல்லும் கருவி. அலை ஏற்கெனவே மங்கிய பின்வீட்டுக்குள் அதைப் பொருத்தினால், மங்கியதையே அது பரப்பும். ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் வகையானால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரே கூரைக்குக்கீழ் ஒரு மூலையறைக்கு அது உதவலாம்; முற்றம் தாண்டிய தனிக்கட்டடத்துக்கு ஏற்றதன்று.

செம்பா, கண்ணாடியா?

அடுத்த வழி கம்பி. 'கேட் 6' எனப்படும் செம்புக் கேபிள் 100 மீட்டர் தூரம் வரை செல்லலாம். நம் மனைகளுக்கு அது தாராளம். ஆயினும் இரண்டு தனிக் கட்டடங்களுக்கு இடையே செம்பை இழுப்பதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது.

இப்பிரதேசத்தில் வாழும் நமக்குச் சித்திரை, வைகாசி மாதங்களின் கால்பைசாகிப் புயலைப்பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாலை நாலு மணிக்கு வடமேற்கில் வானம் கறுத்தால், ஐந்து மணிக்கு இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 2,800-க்கு மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியானார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. அருகில் மின்னல் விழும்போது, அத்தனை மின்சாரமும் நிலத்தில் பரவுகிறது. அக்கணத்தில், முன்வீட்டின் எர்த்துக்கும் பின்வீட்டின் எர்த்துக்கும் இடையே மிகப்பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகலாம். இரண்டையும் இணைத்து நிற்கும் செம்புக் கேபிள் அதற்குப் பாலமாகிவிடுகிறது. மின்னல் நேரே வீட்டின்மேல் விழவேண்டும் என்பதில்லை.

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார், துணி உலர்த்தும் கொடியோடு சேர்த்துக் கேபிளைக் கட்டி இழுத்திருந்தார்கள். ஒரு சித்திரை மாலையில் பக்கத்து மனையின் மரத்தில் இடி விழுந்தது. இரண்டு ரவுட்டர்களும், முன்வீட்டுத் தொலைக்காட்சியும் ஒருங்கே கருகின. கேபிளையோ கருவிகளையோ அவ்வேளையில் எவரும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது பெரும் பாக்கியம்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியை மட்டுமே கடத்தும். ஆதலின் இந்த அபாயம் அதற்கு இல்லை. பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, இழைக் கற்றையின் வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டிய ஆய்வை 1954-இல் வெளியிட்டார். அதே முறையில் நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்பதைச் சார்லஸ் காவ் 1966-இல் எடுத்துக்காட்டினார். அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். ரயில் பாதைகளின் ஓரமாக நாடெங்கும் ஓடும் செய்தித் தொடர்பும் இவ்விழைகளில்தான் செல்கிறது. அதற்கென்றே ரயில்டெல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. முந்நூறு மைலுக்கு உதவும் பொருள் நமது முப்பது கஜ முற்றத்துக்கும் உதவும்.

வேண்டுவன இவை: தேவையான நீளத்துக்கு, இரு முனைகளிலும் இணைப்பு பொருத்திய ஒரு 'சிங்கிள் மோட்' ஃபைபர் கேபிள், 'மீடியா கன்வெர்ட்டர்' என்னும் சிறு பெட்டி இரண்டு. ஒற்றை இழையில் இயங்கும் கன்வெர்ட்டர்கள் ஏ, பி என இணையாக விற்கப்படும். இரண்டு ஏ-யை வாங்கினால் வேலை செய்யா. நீளம் அளந்து முனை பொருத்துவதை உள்ளூர்க் கேபிள்காரரிடம் விட்டுவிடலாம். அவரிடம் இழையை ஒட்டும் இயந்திரம் இருக்கும்.

நான்கு எச்சரிக்கைகள். முதலாவது, வெளியில் இழுக்கும் கேபிள்கள் சிலவற்றில் தாங்கலுக்காக எஃகுக் கம்பி ஒன்று சேர்ந்திருக்கும். உலோகம் அற்ற வகையையே கேட்டு வாங்குங்கள். இல்லையேல் மின்னலுக்குப் பின்வாசலைத் திறந்து வைத்ததாகும். இரண்டாவது, கேபிளைக் காப்பி டம்ளரின் வாய் வட்டத்தைவிடக் குறுகலாக மடக்கலாகாது. மூன்றாவது, பி.வி.சி. குழாயில் இட்டுப் புதையுங்கள். அதே குழாயில் மின்சாரக் கம்பியைச் செலுத்தாதீர்கள். நான்காவது, இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடவே கூடாது. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

செம்புக் கேபிளை ஏற்கெனவே இழுத்துவிட்டவர்கள், வானம் கறுக்கத் தொடங்கியதுமே இரு முனைகளையும் கழற்றிவிடுவது நலம். இடி இடிக்கத் தொடங்கியபின் அதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது ரவுட்டரை அமைத்தல்

முன்பு வேறு கம்பெனியின் இணைப்பு வைத்திருந்தபோது வாங்கிய பழைய ரவுட்டர் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. முகம் பார்த்துப் பேச விநாடிக்கு 4 மெகாபிட் வேகம் போதுமாதலால், அதுவே பின்வீட்டுக்குப் போதும். அதில் 'ஆக்ஸஸ் பாயிண்ட்' என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வேலை பெரும்பாலும் முடிந்தது. அம்முறை இல்லாத பழைய கருவியானால் பின்வருமாறு செய்க.

கேபிளைச் செருகுவதற்கு முன்பே, அந்த ரவுட்டரைத் தனியே ஒரு கணினியுடன் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். முன்வீட்டு ரவுட்டரின் எண் 192.168.1.1 என்றிருந்தால், இதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். முதல் ரவுட்டர் பிற கருவிகளுக்கு வழங்கும் எண் வரிசைக்குள் இந்த எண் அகப்படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 'டி.எச்.சி.பி.' என்பதை நிறுத்திவிடுங்கள். கருவிகளுக்கு எண் வழங்கும் உத்தியோகம் அது. ஒரு வீட்டில் அவ்வுத்தியோகம் பார்ப்பவர் ஒருவரே இருக்கவேண்டும். இருவர் இருந்தால் குழப்பமே மிஞ்சும். கடைசியாக, முன்வீட்டிலிருந்து வரும் இணைப்பை இதன் 'வான்' துளையில் செருகாமல், 'லேன்' துளை ஒன்றில் செருகுங்கள். வான் துளையில் செருகினாலும் இணையம் வரும். ஆனால் பின்வீடு தனி ராஜ்யமாகிவிடும். முன்வீட்டுக் கருவிகளிலிருந்து பின்வீட்டுக் கருவிகளைக் காண முடியாது போகும்.

வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டு ரவுட்டர்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். முற்றத்தைக் கடக்கையில் கைப்பேசி தானே மாறிக்கொள்ளும். முதியவர் எதையும் தொட வேண்டியதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 1, 6, 11 ஆகியவையே ஒன்றோடொன்று மோதாதவை. முன்வீட்டுக்கு 1, பின்வீட்டுக்கு 11 என்று வைக்கலாம். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 ஆக இருக்கட்டும். புதிய எண்ணை ஒரு சீட்டில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே ஒரு கேபிளே போதும். வேகம் கூடும் என்று இரண்டாவது ஒன்றையும் செருகினால், செய்தி சுற்றிச் சுற்றி வந்து எல்லாம் நின்றுபோகும்.

மின்சாரமும் குடித்தனக்காரரும்

மின்வெட்டில் முன்வீட்டு இன்வர்ட்டர் முன்வீட்டையே காக்கும். பின்வீட்டின் ரவுட்டருக்கும் கன்வெர்ட்டருக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். கருவிகளின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து, அதற்குப் பொருந்துவதையே வாங்குதல் அவசியம். இவ்வளவு செய்த பிறகும், பாட்டரியில் இயங்கும் ஓர் அழைப்புமணியைக் கட்டிலருகே வைக்க மறவாதீர்கள். அழுத்தினால் முன்வீட்டில் ஒலிக்கவேண்டும். எந்த இணைப்பும் ஒருநாள் அறும். மணி அறியாதவர் இல்லை.

பின்வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. அதன் வழியே ஏதும் தகாதது நடந்தால், முதலில் கேள்வி உங்கள் வாசலுக்கே வரும். குடித்தனக்காரர் தம் பெயரில் தனி இணைப்பு வாங்கிக்கொள்வதே இருவருக்கும் கௌரவம்.

வேலை முடிந்ததும் முன்வீட்டில் நின்று பரீட்சை செய்யாதீர்கள். பின்வீட்டுக் கதவைச் சாத்தி, தாயார் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து, ஊருக்கு ஓர் அழைப்புப் போட்டுப் பாருங்கள். அங்கே தெளிவாகக் கேட்டால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

சந்தேகம் உள்ள நேயர்கள், முற்றத்தின் நீளத்தையும் கூரையின் வகையையும் குறித்துச் சங்க முகவரிக்கு எழுதினால், அடுத்த இதழில் பதில் தருவேன். வரும் மாதம், மழைக்காலத்துக்கு முன் வீட்டின் எர்த்துக் குழியைச் சோதிக்கும் முறையைக் காண்போம்.