தரவின் இறைமையும் திறவுகோலின் உடைமையும்

‘நாட்டின் தரவு நாட்டுக்கே’ என்னும் கோஷம் அண்மைக்காலமாக நமது அரசியல் மேடைகளில் ஓங்கி ஒலித்து வருகின்றது. தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா நன்கொடை வழங்குவதற்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. நன்கொடைத் தொகை 300 கோடி இந்திய ரூபா. அதில் 45 கோடி 2023 ஆகஸ்டில் முற்பணமாகக் கையளிக்கப்பட்டது. மக்களின் கைரேகை, கருவிழி, முகம் ஆகியன பதியப்படவுள்ள இத்திட்டத்துக்கு 2025இல் இந்திய நிறுவனங்களிடமிருந்து மாத்திரம் கேள்விப்பத்திரம் கோரப்பட்டபோது நமது தேசபக்தர் பலர் கொதித்தெழுந்தனர். அவர்களது அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆயினும் அவர்கள் கேட்கத் தவறிய வினாக்கள் இரண்டு உள. தரவு நாட்டின் பிடியில் இருத்தல் என்பதன் பொருள் யாது? நாடு என்று அவர்கள் சுட்டுவது யாரை?

முதலாவது வினாவை எடுத்துக்கொள்வோம். கணினியை எந்தக் கட்டடத்தில் வைப்பது என்பதோடு இவ்விடயம் முடிந்துவிடுவதில்லை. இன்றைய கணினிகளிற் பெரும்பாலானவை இயங்கத் தொடங்கும்போது, தம்மீது ஏறும் மென்பொருள் ஏற்கத்தக்க ஒப்பத்தைத் தாங்கியுள்ளதா எனச் சோதித்த பின்னரே அதற்கு இடமளிக்கின்றன. அந்தச் சோதனையின் பதிவைக் காப்பதற்கெனத் தனியே ஒரு சில்லும் பொருத்தப்படுகின்றது. ‘நம்பகக் கணிமை’ என்று இதனை அழைப்பர். யார் மீதான நம்பிக்கை என்பதே இங்கு சிக்கல். ஒப்பமிடும் திறவுகோல் பெரும்பாலும் மைக்ரோசொப்ட் போன்ற நிறுவனத்திடம் இருக்கின்றது; பொறியை விலைகொடுத்து வாங்கியவரிடம் இல்லை. ஜேர்மனிய அரசு 2012இல் வெளியிட்ட கொள்கைக் குறிப்பொன்றில், இத்தகைய சாதனங்கள் மீதான முழுக் கட்டுப்பாடும் உடைமையாளருக்கே உரியதாதல் வேண்டும் என்று வற்புறுத்தியது. வளம் மிக்க ஜேர்மனிக்கே இவ்வச்சம் இருந்ததெனின் நமது நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இது வெறுங் கற்பனைப் பயமுமன்று. கிரிப்டோ ஏ.ஜி. என்னும் சுவிற்சர்லாந்து நிறுவனம் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட அரசுகளுக்கு மறைகுறிப் பொறிகளை விற்று வந்தது. 1970 தொடக்கம் அதன் மறைமுக உடைமையாளர்கள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.யும் மேற்கு ஜேர்மனியின் உளவுத்துறையுமே என்பது 2020 பெப்ரவரியில்தான் அம்பலமாயிற்று. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே கடையிற்றான் பூட்டு வாங்கியிருந்தன!

எனினும் நமது தரவு அழிவதற்கு அந்நிய உளவாளி வரவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. 2023 ஆகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்க முகில் கட்டமைப்பு, பணயம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு இலக்கானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. பயன்பாட்டில் இருந்ததோ 2013ஆம் ஆண்டின் மென்பொருட் பதிப்பு. தயாரித்த நிறுவனமே அவ்வாண்டு ஏப்ரலில் அதனைக் கைவிட்டிருந்தது. புதுப்பிக்க நிதியில்லை என்றனர். மடல் தொலைந்தால் மறுபடி எழுதலாம். கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். கருவிழியை யார் மாற்றுவது?

இனி இரண்டாவது வினா. ஹந்தானைச் சாரலில் அமைந்த நமது வளாகத்திலிருந்து சற்று மேலே ஏறினால் தேயிலைச் சரிவுகளும் லயன் வரிசைகளும் தென்படும். அங்கு வாழ்வோரின் முன்னோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ‘உன் தந்தை இந்நாட்டில் பிறந்தமைக்கு அத்தாட்சி எங்கே?’ என்று கேட்டது. தோட்டத்தில் முறையான பதிவில்லை. ஆதலால் மனிதரும் இல்லையென்றாயினர். 1964இல் இரு பிரதமர்கள் 975,000 பேரைப் பண்டம்போற் பங்கிட்டனர். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இல் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பதிவு இன்மையால் வந்த கேடு இது. பதிவு இருந்தமையால் வந்த கேட்டை 1983 யூலையில் கண்டோம். கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தித் தமிழர் வீடுகளைத் தேடிப்பிடித்தன. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் ஆவணம் முழுமையாக நாட்டின் பிடியில்தான் இருந்தது. அந்நியர் எவரும் அதனைத் தொடவில்லை.

இவ்வாறு கூறுவதால், கொழும்பிலும் பார்க்க டில்லி மேல் என்று முணுமுணுப்போரின் கட்சியில் நாம் சேர்ந்துவிடவில்லை. அம்முணுமுணுப்பு நம்மவரிடையே உண்டு என்பதை மறைப்பதிற் பயனில்லை. இந்தியப் பிரஜை ஒருவர் தமது அந்தரங்க உரிமைக்காக நீதிமன்றம் ஏறலாம். 2017இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதனை அடிப்படை உரிமையென ஏற்றது. கண்டியில் வாழும் நாம் டில்லியின் எந்தப் படியை ஏறுவது? நமது அரசியலமைப்போ அவ்வுரிமையை வெளிப்படையாகப் பெயர்சொல்லிக் கூறவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோதிலும், அதன் உயிர்ப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையிற் பிற்போடப்பட்டன. கைரேகை பெறும் ஏற்பாட்டில் காட்டப்படும் வேகம் கைரேகையைக் காக்கும் சட்டத்தில் காட்டப்படவில்லை.

இத்திட்டத்துக்கு அடிப்படையாகும் மொசிப் என்னும் மென்பொருள் பெங்களூரில் உருவாகியது. எவரும் வாசிக்கக்கூடிய திறந்த மூலமுடையது. இது நல்லதே. ஆனால் மூலம் திறந்திருந்தும் வாசிப்பாரின்றேல் என்ன பயன்? நிறுவப்படுவது அதே மென்பொருள்தானா என்று ஒப்புநோக்கும் அதிகாரம் யாருக்கு? மறைகுறித் திறவுகோல்கள் எந்த நாட்டில், எத்தனை பேர் முன்னிலையில் உருவாக்கப்படும்? யார் யாருடைய பதிவை எப்போது பார்வையிட்டார் என்ற குறிப்பேட்டைப் பதிவுக்குரியவர் காணலாமா? நிபுணர் இல்லை என்று இதற்கு விடை கூறுவது நகைப்புக்குரியது. மகாவலிக் கரையிலுள்ள நமது பொறியியற் பீடம் ஆண்டுதோறும் கணினிப் பொறியியலாளரை உருவாக்கி விமானம் ஏற்றிக்கொண்டிருக்கின்றது.

உடன்படிக்கையில் திறவுகோல்கள் குறித்து எழுதப்பட்டுள்ள வாசகம் யாது என்று வினவ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கைவசம் உண்டு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.