கியூஆர் அட்டையை அகற்றினால் கடன் வரலாறும் போகும்: மைசூரு சிறு வணிகர்கள் போட வேண்டிய கணக்கு

மைசூரு: யுபிஐ வழியே வரவான தொகையை அடிப்படையாகக் கொண்டு கர்நாடக வணிகவரித் துறை 2025 ஜூலையில் அனுப்பிய ஜிஎஸ்டி நோட்டீஸ்கள், பேக்கரி, தேநீர்க் கடை, காய்கறிக் கடை நடத்துவோரை அச்சத்தில் ஆழ்த்தின. பெங்களூருவில் பல கடைகளில் கியூஆர் அட்டைகள் அகற்றப்பட்டு, 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்புகள் தொங்கின. வரிக்கு அஞ்சி எடுக்கப்பட்ட இந்த முடிவு, வங்கிக் கடனுக்கான வழியையும் அடைக்கக்கூடியது என்பது அப்போதைய பரபரப்பில் கவனம் பெறவில்லை.

ஜூலை 23 அன்று வணிகர் பிரதிநிதிகளைச் சந்தித்த முதலமைச்சர் சித்தராமையா, பழைய வரி நிலுவை வசூலிக்கப்படாது என்றும், தகுதி வரம்பில் வருவோர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்றும் அறிவித்தார். ஜூலை 25இல் நடைபெறவிருந்த கடையடைப்பு கைவிடப்பட்டது. ஆனால் முதலமைச்சரின் சொந்த மாவட்டமான மைசூருவில், ரொக்கத்துக்குத் திரும்புவதன் விலை என்ன என்பதைச் சில மாதங்களுக்கு முன்புதான் மக்கள் கண்டிருந்தனர்.

வீட்டைப் பூட்டிச் சென்றவர்கள்:

2025 ஜனவரியில், நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியால் மைசூரு, சாமராஜநகர் மாவட்டங்களின் கிராமங்களில் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறிய செய்திகள் வெளிவந்தன. தற்கொலைகளும் நிகழ்ந்தன. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் அவசரச் சட்டத்துக்கு ஆளுநர் தாவர்சந்த் கெலாட் பிப்ரவரி 12 அன்று ஒப்புதல் அளித்தார். அதன்படி குற்றம் இழைப்போருக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

மிரட்டி வசூலிப்பதைச் சட்டம் தண்டிக்கலாம். ஆனால் கடன் தேவையை அது தீர்க்காது. தேவராஜா மார்க்கெட்டில் பூவும் வெற்றிலையும் விற்பவருக்கு அதிகாலைக் கொள்முதலுக்குப் பணம் வேண்டும். வங்கி தராவிட்டால் நாள் தண்டல்காரர் தருவார். பத்து ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் தண்டல் கட்டியிருந்தாலும் அந்த நாணயம் எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டிலும் ஏறாது. சீட்டுப் பணத்தை ஒழுங்காகக் கட்டியவரின் நிலையும் பெரும்பாலும் இதுதான்.

ஒரே கணக்கு, இரண்டு சிக்கல்:

நோட்டீஸ் பெற்ற பலரும் கூறிய விளக்கம் ஒன்றே: கணக்கில் வந்தது எல்லாம் விற்பனை அல்ல, உறவினர் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டு எடுத்த தொகை, மகன் அனுப்பிய வீட்டுச் செலவு ஆகியவையும் அதில் அடக்கம். இது நியாயமான விளக்கம். அதைச் சரிபார்க்காமல் வரவு முழுவதையும் விற்றுமுதலாகக் கருதியது துறையின் அவசரம் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அதே சேமிப்புக் கணக்கைப் பார்க்கும் வங்கி மேலாளருக்கும் கடையின் உண்மையான வருமானம் தெரியாது. வரி அலுவலர் கூட்டிக் காண்பார். மேலாளர் குறைத்துக் காண்பார். இரண்டிலும் இழப்பு வணிகருக்கே.

எனவே கடன் தகுதியை வளர்ப்பதில் முதல் வேலை, கடைக்கெனத் தனிக் கணக்கு. உத்யம் பதிவுச் சான்று, உள்ளாட்சி வணிக உரிமம் போன்ற ஆவணங்களுடன் கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஜிஎஸ்டி, பான் எண் இல்லாத மிகச் சிறு தொழில்களுக்கு 2023இல் தொடங்கிய உத்யம் அசிஸ்ட் தளம் இருக்கிறது.

வரி அச்சத்தையும் எண்களில் பார்ப்பது நல்லது. பொருள் விற்போருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். அதாவது நாள்தோறும் ஏறத்தாழ 11,000 ரூபாய் விற்பனை. சேவை அளிப்போருக்கு 20 லட்சம். பால், காய்கறி போன்ற வரிவிலக்குப் பொருள்களை மட்டும் விற்போருக்குப் பதிவு தேவையில்லை. வரம்பைத் தாண்டும் வணிகர் இணக்கமுறைத் திட்டத்தில் 1 சதவீதம் செலுத்தலாம். 40 லட்சத்துக்கு அது 40,000 ரூபாய். அதே வணிகர் 2 லட்சம் ரூபாயை மாதம் 3 வட்டிக்கு வெளியில் வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 72,000 ரூபாய். வங்கியில் 12 சதவீதம் என்றால் 24,000 ரூபாய். மிச்சமாகும் 48,000 ரூபாயில் வரியைக் கட்டி முடித்துவிடலாம்.

சிறிய கடனே முதல் படி:

தனி உரிமையாளர் கடைகளுக்கு, உரிமையாளரின் சொந்த சிபில் மதிப்பெண்ணையே வங்கிகள் முதலில் பார்க்கின்றன. கடனே வாங்காதவருக்கு நற்பெயரும் இல்லை, கெட்டபெயரும் இல்லை, வெற்றுத்தாள்தான். அதை நிரப்பத் தெருவோர வியாபாரிகளுக்கு பிஎம் ஸ்வநிதி திட்டம் உதவுகிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அதைத் திருத்தி, 2030 மார்ச் 31 வரை நீட்டித்தது. முதல் தவணையில் 15,000, அதை அடைத்தால் 25,000, பின்னர் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். இரண்டாவது கடனை முறையாக அடைத்தவர்களுக்கு யுபிஐ-யுடன் இணைந்த ரூபே கடன் அட்டையும் உண்டு. நிலையான கடை வைத்திருப்போருக்கு முத்ரா திட்டத்தின் 50,000 ரூபாய் வரையிலான சிசு பிரிவு பொருந்தும்.

வங்கி நகைக்கடனும் கடன் அறிக்கையில் பதிவாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உரிய நாளில் மீட்டால் நற்பெயர். ஏலத்துக்கு விட்டால் அதுவும் எழுதப்படும். மாறாக, உறவினருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து, அவர் தவறும்போது கையெழுத்திட்டவரின் அறிக்கையையும் கறைப்படுத்தும். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை வாங்கிப் பார்த்தால் இவை தெரியவரும். பிழை இருந்து புகார் அளித்தும் 30 நாள்களில் தீர்க்கப்படாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இதனிடையே, வங்கிகள் கடன் விண்ணப்பத்தை எடைபோடும் முறையும் மாறியிருக்கிறது. சிறு தொழில்களின் மின்னணுப் பரிவர்த்தனைத் தடங்களைக் கொண்டு மதிப்பிடும் புதிய முறை, பொதுத்துறை வங்கிகளுக்காக 2025 மார்ச்சில் அறிமுகப்படுத்தப்பட்டது. வங்கிக் கணக்கு வரவும் ஜிஎஸ்டி தாக்கலும் அதில் பார்க்கப்படுகின்றன. ஜூலையில் அட்டையைக் கழற்றிய கடைக்காரர் அடுத்த ஆண்டு கடன் கேட்டு வரும்போது, கணக்குப் புத்தகத்தில் அந்த மாதங்களில் மட்டும் வியாபாரமே நடக்காதது போலத் தோன்றும்.