பிறந்தநாளும் என்வலப் கொப்பியும்



அடுத்த மாதம் அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. "இந்தமுறை சின்னனா, வீட்டாக்களோட மட்டும் செய்வமே?" எண்டு கேட்டேன். அக்கா லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்து மேசையில் போட்டாள். எந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எவ்வளவு காசு என்வலப்பில் வைத்தோம் என்ற ஐந்து வருடக் கணக்கு. "இவ்வளவும் குடுத்திருக்கிறம். மண்டபம் எடுக்காட்டி இது என்னெண்டு திரும்பி வரும்?"

புலம்பெயர் தமிழரின் ஆடம்பரத்தைத் திட்டி நானும் முந்தி எழுதியிருக்கிறேன். அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை.

போன வருடம் அக்கா சீட்டைக் கழிவுக்கு எடுத்துத்தான் மண்டபம் பிடித்தாள். ஆறு மணி விழாவுக்குச் சனம் எட்டரைக்கு வந்தது. பிள்ளை வெள்ளைக் கவுணோடு கதிரையிலேயே நித்திரை. கேக் வெட்டும் படத்துக்காக எழுப்பினோம், அழுதாள். அல்பத்தில் அந்த அழுகை இல்லை.

இது வெறும் பகட்டு இல்லை. பலேர்மோவில் எங்கள் அம்மாக்களில் பலர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். மற்றப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மேசை விரித்து, பிறகு கூட்டித் துடைத்தவர்கள். 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை பிறப்பால் இத்தாலியர் ஆவதில்லை. பெற்றோர் இடையில் குடியுரிமை எடுக்காவிட்டால், அது 18 வயதுவரை காத்திருந்து, 19 ஆகமுதல் தானே கேட்க வேண்டும். கடதாசியில் வெளிநாட்டுக்காரியான பிள்ளையை ஒரு நாளைக்காவது இளவரசியாக இருத்திப் பார்க்கும் ஆசையை நான் எப்படிப் பழிப்பேன்?

ஆனால் கடன் கடன்தான். ஒரு குடும்பம் தனியாக விலகினால் குடுத்த காசு போய்விடும், கதையும் வரும். தனி ஆள் வேலைநிறுத்தம் செய்ய முடியாததுபோலத்தான் இதுவும். சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

அதனால் எங்கள் கட்டடத்து ஐந்து குடும்பங்களோடு கதைத்தோம். பழைய கணக்கை வருட முடிவுக்குள் வீட்டிலேயே கொடுத்துத் தீர்ப்பது. அதன்பிறகு என்வலப் இல்லை, கொப்பியும் இல்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை, நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை. இடம், துறைமுகப் பக்கம் லா காலாவைத் தாண்டி வரும் ஃபோரோ இத்தாலிக்கோ புல்வெளி. 1943 குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கற்களைக் கடலில் கொட்டி உண்டான நிலம் அது. வாடகை இல்லை. பாய், பந்து, வீட்டுக் கேக், றோல்ஸ் போதும். பிள்ளைக்குப் பிடித்த ஐந்தாறு கூட்டாளிகள் வந்தால் காணும். அவளுக்கு வேண்டியது ஓட இடமும் பார்க்கக் கப்பலும்.

ஒரு நிபந்தனை: றோல்ஸ் சுற்றுவதும் பொரிப்பதும் ஆம்பிளையள். எளிமை என்ற பெயரில் அம்மாக்கள் விடியவிடிய அடுப்படியில் நின்றால், மண்டபக் காசை அவர்களின் முதுகில் ஏற்றினதாகத்தான் முடியும். அத்தான் தலையைச் சொறிந்தார், பிறகு ஓமெண்டார்.

அக்கா கொப்பியை இன்னும் எறியவில்லை. "முதல் எல்லாரும் தரட்டும்" என்கிறாள். நியாயம்தான்.

உங்கள் நகரத்திலும் இப்படிக் கொப்பிகள் இருக்கும். யாராவது சேர்ந்து மூடியிருந்தால், எப்படி எண்டு எழுதுங்கோ.